தண்ணி ஏறுற தீவும் எங்க வீட்டு சாப்பாட்டு மேசையும்

மழை பேய ஆரம்பிச்சா எங்க சின்னவன் யார்கிட்டயும் ஒன்னும் சொல்லமாட்டான், ஸ்கூல் சப்பாத்து, பேக், கலர் பென்சில் டப்பா எல்லாத்தையும் தூக்கி கட்டில் மேல வச்சிட்டு பக்கத்துல உக்காந்துக்குவான். அப்ப அவனுக்கு ஆறு வயசு. "இது சாதாரண மழைதான்டா"ன்னு எத்தன தடவ சொன்னாலும் ஜன்னலையேதான் பாத்துகிட்டு இருப்பான்.

காரணம் எங்க மலேசியாவுல, பினாங்குல இருக்கவங்களுக்கு சொல்லவேண்டியதில்ல, அந்த வெள்ளந்தான். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரி. அப்ப நாங்க ஜாலான் பி. ரம்லி பக்கம் தரை வீட்டுல இருந்தோம், அந்த ஏரியாவுல தண்ணி ஏறுறது புதுசு இல்ல, ஆனா அன்னிக்கு ஏறின மாதிரி நான் பாத்ததே இல்ல. காத்து வேற. மாநிலத்துல ஏழு பேர் செத்துப்போனாங்க. எங்க வீட்டுக்காரரு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நைட் ஷிப்ட், திரும்பி வர வழியில்ல. கரண்டு போயிடுச்சு. நான் அரிசி மூட்டையையும் டாக்குமெண்டு பையையும் மேல ஏத்திகிட்டு இருக்கேன், எங்க அம்மா ரெண்டு பிள்ளைங்களையும் சாப்பாட்டு மேசை மேல உக்கார வச்சு பக்கத்துலயே முழங்கால் தண்ணியில நின்னாங்க, விடியுற வரைக்கும்.

அதுக்கப்புறம் வீடு மாத்திட்டோம், ஆறாவது மாடி. ஆனாலும் சப்பாத்து கட்டிலுக்கு ஏறுறது நிக்கல.

2020 மார்ச் 18 கொரோனாவுக்காக எம்சிஓன்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டாங்கல்ல, எல்லாரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தோம். மொதல்ல தாயம், பாம்பு ஏணி எல்லாம் ஓட்டினோம். அக்காக்காரி ஜெயிச்சா இவன் பகடைய தூக்கி வீசுவான், இவன் ஜெயிச்சா அவ மூஞ்சிய தூக்கி வச்சுக்குவா, ஏற்கனவே எல்லாருக்கும் மனசு சரியில்லாத நேரம், இதுல இது வேறயா. போட்டி விளையாட்டு தப்புன்னு நான் சொல்லல, பேட்மிண்டன் கோர்ட்டுல நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா அந்த நேரத்துக்கு அது வேணாம்னு தோணுச்சு.

கூட வேலை செய்யுற ஒருத்தங்க முன்னாடி கொடுத்த டப்பா ஒன்னு பிரிக்காமலே இருந்துச்சு. ஃபர்பிடன் ஐலண்ட்னு ஒரு போர்டு கேம். மேட் லீகாக்னு ஒருத்தர் உருவாக்கினது, 2010-ல வந்துச்சு. 24 அட்டைய அடுக்குனா அது ஒரு தீவு. ஒவ்வொரு சுத்துலயும் சில அட்டைங்க நனையும், திருப்பி போட்டு காய வைக்கணும், காய வைக்கறதுக்குள்ள மறுபடி அதோட பேரு வந்துச்சுன்னா அந்த எடம் முழுகிடும், திரும்ப வராது. நடுவுல 'தண்ணி ஏறுது' கார்டு வந்தா இன்னும் வேகமா முழுகும். நாலு புதையலையும் எடுத்துட்டு ஹெலிகாப்டர்ல எல்லாரும் ஒன்னா தப்பிக்கணும், ஒருத்தர் மாட்டிக்கிட்டாலும் எல்லாரும் தோத்த மாதிரிதான்.

ரூல் படிச்சதும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. வெள்ளத்துக்கு பயந்த பிள்ளைகிட்ட போயி முழுகுற தீவா? மூடி வைக்கப் போனேன். அவன்தான் "பரவாயில்லம்மா, போடுங்க"ன்னான்.

நாலு பேருதான் விளையாடலாம், நாங்க அஞ்சு பேரு, அதனால அவனும் அவன் ஆயாவும், அதான் எங்க அம்மா, சேந்து ஒரு ஆளு. ஆயாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, அவன்தான் கார்டு படிச்சு சொல்லணும். பேரெல்லாம் வாயில நுழையலன்னு ரெண்டு பிள்ளைங்களும் டேப் ஒட்டி புதுப் பேரு எழுதிட்டாங்க, தண்ணீர்மலை, கொம்தார், கர்னி, ஆயர் ஈத்தாம், பத்து பெரிங்கி. ஹெலிகாப்டர் எறங்குற எடம் ஃபெரி ஜெட்டி. தீவு எங்க பினாங்காவே ஆயிடுச்சு.

மொத ஆட்டத்துல ஜெட்டியே முழுகிப்போச்சு, அதோட ஆட்டம் காலி. அவன் ஓன்னு அழுதான். நான் சமாதானம் சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள அம்மா, "அழுவுறதுன்னா அழு சாமி, ஆயாவுந்தான் முழுகிட்டேன், இங்கதான இருக்கேன்"னு சொல்லிட்டு அட்டைய பொறுக்க ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல அவனும் சேந்து பொறுக்கினான்.

அவன் மட்டும் தோத்து நாங்க சிரிச்சுகிட்டு நிக்கிற ஆட்டம் இல்ல இது. அப்பா தோக்குறாரு, உச்சு கொட்டுறாரு, நான் தலையில கை வைக்கிறேன், ஆனா எல்லாரும் திரும்ப அடுக்குறாங்க. பெரியவங்க ஏமாற்றத்த எப்படி தாங்குறாங்கன்னு பிள்ளை பக்கத்துல உக்காந்து பாக்க நம்ம வீடுங்கள்ல வேற எங்க எடம் இருக்கு, நாமதான் எல்லாத்தையும் மறைச்சு வச்சிடுறோமே.

சிக்கலும் வந்துச்சு. வீட்டுக்காரரு மெஷின் ரிப்பேர் பாக்குற ஆளு, எல்லாருக்கும் அவரே யோசிச்சு "நீ அங்க போ, நீ இத காய வை"ன்னு ஓட்ட ஆரம்பிச்சிட்டாரு. சேந்து விளையாடுற ஆட்டங்கள்ல இது தெரிஞ்ச நோய்தான், ஆல்ஃபா பிளேயர்னு சொல்லுவாங்க. ஒரு நாள் சின்னவன் கார்ட கீழ வச்சிட்டு "நீங்களே விளையாடுங்கப்பா"ன்னு எந்திரிச்சிட்டான். அன்னிக்கு ஒரு ரூல் போட்டோம், யாரு முறையோ அவங்கதான் முடிவு பண்ணணும், கேட்டாத்தான் மத்தவங்க வாயத் தொறக்கலாம். அவன் தப்பா ஆடி தண்ணீர்மலை முழுகுறத பாத்துகிட்டு அவரு சும்மா உக்காந்திருந்தாரு பாருங்க, அதுக்காக அவரு மேல எனக்கு இன்னைக்கும் தனி மதிப்பு.

அவனுக்கு எப்பவும் இஞ்சினியர் ரோல்தான் வேணும், அவருதான் ஒரே மூவ்ல ரெண்டு எடத்த காய வைக்கலாம். ஒரு சாயந்தரம் அப்படி காய வச்சுகிட்டே, தலைய நிமித்தாம சொன்னான்: "அன்னிக்கு நைட்டு ஆயாவுக்கு நான்தான் டார்ச் புடிச்சேன்." ரெண்டரை வருஷத்துல அந்த ராத்திரிய பத்தி அவனா பேசின மொத வார்த்தை அது. நான் என் கார்டுங்களையே பாத்துகிட்டு இருந்தேன், கண்ணு மங்கிடுச்சு. அம்மா மட்டும் "ஆமா, நீ புடிச்சதாலதான் எனக்கு வழி தெரிஞ்சுச்சு"ன்னாங்க.

எமி வெர்னர்னு ஒரு ஆய்வாளரும் அவங்க குழுவும் ஹவாயில கவாய்ங்கிற தீவுல 1955-ல பொறந்த 698 குழந்தைங்கள 40 வயசு வரைக்கும் கவனிச்சாங்க. கஷ்டமான சூழ்நிலையில வளந்த பிள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு நல்லபடியா தேறி வந்தாங்க. அவங்ககிட்ட அடிக்கடி தெரிஞ்ச ஒரு விஷயம், நம்பி சாஞ்சுக்க ஒரு பெரியவங்களாவது இருந்தது, அது பெத்தவங்களாத்தான் இருக்கணும்னு இல்ல, தாத்தா பாட்டியாவும் இருக்கலாம். படிச்சப்போ எனக்கு முழங்கால் தண்ணியில நின்ன எங்க அம்மாதான் ஞாபகம் வந்தாங்க.

இன்னும் சின்ன பிள்ளைங்க இருக்கவங்க இந்த மாதிரி என்ன விளையாடலாம்னு கேக்குறாங்க, அவங்களுக்கு ஜெர்மனியில ஹாபா கம்பெனி 1986-ல கொண்டு வந்த ஓப்ஸ்ட்கார்ட்டன்ங்கிற ஆட்டம் இருக்கு. நாலு மரம், மரத்துக்கு பத்து பழம், பகடைய உருட்டி காக்கா வர்றதுக்குள்ள எல்லாரும் சேந்து பறிக்கணும், காக்கா படம் ஒம்போது துண்டு, அது பூர்த்தியானா காக்கா ஜெயிச்சிடும். பட்டன், கலர் பேப்பர் வச்சு வீட்லயே செஞ்சிடலாம், நாங்க தங்கச்சி பொண்ணுக்கு அப்படித்தான் செஞ்சோம்.

இப்ப அவனுக்கு வயசு 13. மழை வந்தா ஜன்னல மூடுவான், சில நாள் ரோட்டையும் கொஞ்ச நேரம் எட்டிப் பாப்பான். சப்பாத்து வாசல்லயே கிடக்குது. இன்னிக்கும் வெளிய நல்ல மழை, தங்கச்சி பொண்ணு வந்திருக்கா, அவளுக்கு தீவு அடுக்க சொல்லிக்கொடுக்குறான், அவ கர்னிய விட்டுட்டு கொம்தார காய வைக்கிறா, அவன் உதட்ட கடிச்சுகிட்டு பேசாம இருக்கான். அம்மா சத்தம் போடுறாங்க, ஒரு ஆளு குறையுதாம். மைலோ கலக்கி எடுத்துகிட்டு நான் போறேன்.