கல்கிசையில் ஒரு போயா நாள்

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

கொழும்புக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. வெள்ளவத்தையில் இந்த அறைக்கு இப்போதுதான் தூக்கம் பழகியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மரைன் டிரைவ், அதைத் தாண்டி ரயில் பாதை, அப்புறம் கருங்கல் பாறைகள், உடனே கடல். ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருக்கும் டம்ளர் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது. காற்றில் அவ்வளவு உப்பு. கொண்டுவந்த பையின் ஜிப் அதற்குள் துருப்பிடித்துவிட்டது.

தினமும் சாயங்காலம் பாறைமேல் போய் உட்காருகிறேன். எங்கள் தூத்துக்குடியில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். இங்கே கடலுக்குள் இறங்குகிறது. இருபது வருஷமாகக் கடல் என்றால் காலை என்றே பழகிய கண்ணுக்கு இது இன்னும் சரியாக உட்காரவில்லை.

இவ்வளவு நாளும் நேர் எதிரே பார்த்து, அந்தப் பக்கம்தான் நம் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று யாழ்ப்பாணத் தோழி சிரித்துவிட்டாள். "நேர பார்த்தால் மாலைதீவின்ர வடக்குப் பக்கம், அதையும் தாண்டினால் சோமாலியா. உம்மட ஊர் அங்கால" என்று வலது கைப் பக்கமாக, ரயில் கோட்டை ஸ்டேஷனை நோக்கிப் போகும் திசையிலிருந்து கொஞ்சம் கடல் பக்கம் தள்ளிக் காட்டினாள். அறைக்கு வந்து வரைபடத்தில் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தூத்துக்குடி இங்கிருந்து வடமேற்கில். ஐந்து வாரமாகச் சோமாலியாவைப் பார்த்துத்தான் அம்மாவை நினைத்திருக்கிறேன்.

(இந்தக் குறிப்புகளில் யார் பெயரும் வராது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரை வைத்தே எழுதுகிறேன்.)

17 பிப்ரவரி, சனி

வகுப்பில் உள்ளவர்களோடு காலிமுகத்திடல். புல்வெளி முழுக்கப் பட்டம். அங்கே ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது, கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படும்படி எனக்குப் பின் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2022இல் மாதக்கணக்கில் மக்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்து போராடியதும் இதே திடலில்தான். இப்போது அங்கே பிள்ளைகள் சோப்பு நுரை ஊதிக்கொண்டிருந்தார்கள். முன்னால் கடலை நிரப்பி எழுப்பிய போர்ட் சிட்டி.

இறால் வடை தின்றோம். வடையின் மேல் முழு இறாலைத் தலையோடு பதித்துப் பொரிக்கிறார்கள், மேலே வெங்காயமும் காரக் குழம்பும். எனக்கு இன்னும் இரண்டு வேண்டும் போலிருந்தது, ஆனால் இது தவக்காலம், அளவாக நிறுத்திக்கொண்டேன்.

அங்கேதான் முடிவானது. அடுத்த வெள்ளி போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள், விடுமுறை. கல்கிசைக் கடற்கரைக்குப் போகலாம். ஹட்டன் தோழி, "நான் இதுவரைக்கும் கடல்ல கால் வச்சதே இல்ல" என்றாள். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். கொழும்புக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. பஸ் ஜன்னலிலிருந்தும் ரயிலிலிருந்தும் பார்த்ததோடு சரி. நான் உடனே, "நான் கடல்காரி. கையைப் பிடித்து நானே இறக்கிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

22 பிப்ரவரி, வியாழன்

சாப்பாடு பற்றி ஒரு மணி நேரப் பேச்சு. நாளை போயா, இறைச்சிக்கடை திறக்காது. வெள்ளிக்கிழமை, நான் தங்கியிருக்கும் அன்ரி வீட்டில் மீன் ஏறாது. எனக்குத் தவக்கால வெள்ளி. மூன்று மதமும் சேர்ந்து எங்களுக்கு உருளைக்கிழங்குக் கறியும் பாணும் (இங்கே ரொட்டிக்குப் பெயர் பாண்) என்று தீர்ப்பு எழுதிவிட்டன. அன்ரி இரவே கிழங்கு அவிக்கத் தொடங்கிவிட்டார்.

தாத்தாவோடு போனில் பேசினேன். அவர் இளவயதில் பாய்த்தோணியில் கொழும்புக்கு வந்துபோனவர். வெங்காயமும் உப்பும் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். கரை சேர்ந்ததும் முதல் வேலை கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் மெழுகுதிரி. "நீ இன்னும் போகலியா?" என்று கேட்டார். போகவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

23 பிப்ரவரி, வெள்ளி

இரவு பதினொன்று. கை இன்னும் முழுசாக நிதானத்துக்கு வரவில்லை, ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம். தெகிவளை, அடுத்தது கல்கிசை. அவ்வளவு கிட்ட. ஆறு பேர். பெட்டியில் உட்கார இடமில்லை, வாசலோரம் நின்றோம். பாதை அவ்வளவு நெருக்கமாகக் கடலோடு போகிறது, ஓரிடத்தில் அலைத் தூறல் முகத்தில் அடித்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு நல்ல சண்டை. நான் ஏதோ சொல்லும்போது "அப்புறம்" என்றேன். யாழ்ப்பாணத் தோழி, "நாங்கள் பேந்து எண்டு சொல்லுவம்" என்றாள். மட்டக்களப்பு நண்பன், "எங்கட ஊர்ல மறுகா" என்றான். மறுகா. நான் கேட்டதே இல்லை. "மறுகா வாறன், மறுகா சாப்பிடுவம், எல்லாத்துக்கும் மறுகாதான்." ஹட்டன் தோழி என் பக்கம், அவர்களும் "அப்புறம்"தான். இரண்டு பேந்து, ஒரு மறுகா, மூன்று அப்புறம். இறங்கும்வரை நான் "மறுகா, மறுகா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாயில் நன்றாக இருந்தது.

மணல் அகலமாக, பொன்னிறமாக. வடக்கே பார்த்தால் கொழும்பின் உயரக் கட்டடங்கள் புகைபோலத் தெரிகின்றன. முனையில் வெள்ளை ஓட்டல், 1806இல் ஆளுநர் மெயிட்லன்ட் வீடு கட்டிய இடம். போயா என்பதால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம்.

ஹட்டன் தோழியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். முதல் அலை பாதத்தில் பட்டதும் நின்றாள். தண்ணீர் திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் உருவிக்கொண்டு போகுமே, அதற்கு அவள் தயாராக இல்லை. "தரை ஓடுது, தரை ஓடுது" என்று என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளங்கையில் நீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நெசமாவே உப்பு." இதைப் பார்க்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வருவேன்.

அவளை முழங்கால் ஆழத்தில் மற்றவர்களோடு விட்டுவிட்டு நான் நீந்தப் போனேன். தப்பு அங்கேதான்.

எங்கள் ஊர்க் கடல் வேறு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து பாம்பன்வரை இருபத்தொரு தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை, குறைந்த ஆழம், எதிரே இலங்கை அணைபோல நிற்கிறது. பெரிய அலை கரைவரை வருவது குறைவு. பல நாள் குளம்போலக் கிடக்கும். கல்கிசைக்கு எதிரே அணை ஒன்றும் இல்லை. நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பத்தடி அகலத்துக்கு மட்டும் தண்ணீர் சமமாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. நம்ம ஊர்த் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று அதிலேயே இறங்கினேன்.

பத்துப் பன்னிரண்டு வீச்சுதான் போட்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் கரையில் இருப்பவர்கள் சின்னதாகிவிட்டார்கள். கரையை நோக்கி நீந்தினேன். கை போடப் போட அதே இடம். இன்னும் வேகமாகப் போட்டேன். தோள் எரிந்தது, வாயில் தண்ணீர் போனது. தூக்கிப்போடும் அலை எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. வெறுமனே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த அமைதிதான் இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

கரையில் மட்டக்களப்பு நண்பன் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து நிற்பது தெரிந்தது. இரண்டு கையையும் பக்கவாட்டில் வீசிக் கத்தினான். "பிள்ள! கரைக்கு வராத! குறுக்கால நீந்து! மறுகா கரைக்கு வா!"

காற்றில் பாதி வார்த்தை போய்விட்டது. "மறுகா" மட்டும் முழுசாக வந்தது. முதலில் வேறு ஏதோ, மறுகாதான் கரை. அப்போதுதான் புரிந்தது. கரையை விட்டுவிட்டு, கரைக்கு இணையாக, தெற்கே வெள்ளை ஓட்டல் பக்கமாக நீந்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று பின்னாலிருந்து ஓர் அலை என்னைத் தூக்கியது. நுரை. அதைவிட நல்ல பொருளை நான் தொட்டதில்லை. அதற்குள் உயிர்காக்கும் காவலர் ஒருவர் ஆரஞ்சு மிதவையோடு வந்து என் கையை எடுத்து அதில் மாட்டிவிட்டார்.

கரையில் அவர் சிங்களத்தில் சொல்ல, கொழும்புத் தோழன் தமிழில் சொன்னான். அலை கரைக்குத் தள்ளிய நீர் எல்லாம் திரும்பப் போக வழி தேடும். மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அதன் வழியாக ஆறுபோல ஓடும். அங்கே அலை உடையாது. பார்க்கிறவனுக்கு அமைதியான இடம்போலத் தோன்றும். அதோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டினால் களைத்துப்போவோம். அகலம் கொஞ்சம்தான், குறுக்கே விலகினால் விட்டுவிடும். அவர் திட்டவில்லை. மறுபடி அந்த இடத்தைக் காட்டி, "இப்ப தெரியுதா?" என்று கேட்கச் சொன்னார். தெரிந்தது. நுரைக்கு நடுவே ஒரு சாம்பல் நிறப் பாதை. எல்லோர் கண்ணுக்கும் எதிரே கிடந்தது.

மட்டக்களப்பு நண்பனிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கட அப்பா தோணிக்காரர். 2004க்குப் பிறகு எங்கட வீட்டில ஆரும் கடலுக்கு முதுகு காட்டி இருக்கிறதில்ல." அதற்குமேல் அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காலையிலிருந்து அவன் மட்டும் ஏன் தண்ணீரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போர்வை சுற்றி மணலில் உட்கார்ந்திருந்தபோது விரல் சும்மா மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. ஜவ்வரிசி போல ஒன்று ஒட்டியது. வெள்ளை, வட்டம், ஒரு பக்கம் லேசாகத் தட்டை. இன்னொன்று. கொஞ்சம் மஞ்சளானது ஒன்று. "அது பிளாஸ்டிக்" என்றான் கொழும்புத் தோழன். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பிடித்து ஜூனில் மூழ்கியது. 1,486 கொள்கலன்கள். அதில் பொருள் வார்க்கப் பயன்படும் பிளாஸ்டிக் குருணை மட்டும் 1,600 டன்னுக்கு மேல். மேற்குக் கரை முழுக்க மணலே தெரியாமல் வெள்ளையாக ஒதுங்கியதாம், செத்த ஆமைகளும் ஒதுங்கினவாம். என் கையில் இருப்பது அந்தக் கப்பலிலிருந்து வந்ததுதானா என்று குருணையைப் பார்த்து யார் சொல்ல முடியும்? ஆனால் அவன் அதைக் கண்டதும் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பேர்ள் என்றால் முத்து. நான் முத்துநகரிலிருந்து வந்தவள். எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. தாத்தா அதைப் பார்த்தவர், நான் சிப்பி ஓட்டை மட்டும் பார்த்தவள். உள்ளங்கையில் அந்த வெள்ளை மணிகளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். எல்லோருமாகக் கிளறினோம். ஒரு பாய் அகலத்துக்கு நாற்பத்து மூன்று. ஹட்டன் தோழிதான் எண்ணினாள். தண்ணீர்ப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

24 பிப்ரவரி, சனி

தோள் தூக்க முடியவில்லை. அன்ரிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கோபப்படவில்லை. மிளகு ரசம் வைத்துத் தந்துவிட்டு, "பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லீட்டீரோ?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். அம்மா அழுதார். தாத்தா போனை வாங்கி, எந்தக் காற்று, அலை எப்படி உடைந்தது, தண்ணீர் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாம்பல் நிறம் என்றதும், "கலங்கல்னா மணலை இழுக்குதுன்னு அர்த்தம்லா. எறங்குமுன்ன உக்காந்து பாக்க மாட்டியாட்டி?" என்றார். அவர்கள் ஒரு புதுக் கரைக்குப் போனால் பாதி நாள் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் தோணியை விடுவார்களாம். இதை அவர் எனக்கு முன்னே சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

27 பிப்ரவரி, செவ்வாய்

கொச்சிக்கடை. செவ்வாய் அந்தோணியார் நாள், நல்ல கூட்டம். தமிழிலும் சிங்களத்திலும் செபம் மாறி மாறி. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டு வெடித்த கோயில் இது. உள்ளே நுழையும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். மக்கள் அதற்குப் பழகி, வரிசையில் வரும்போதே திறந்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஹட்டன் தோழியும் கூட வந்தாள். நான் இரண்டு மெழுகுதிரி வாங்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று தாத்தாவுக்கு. அவள் தானாக ஒன்று வாங்கி, மட்டக்களப்பு நண்பன் பெயரைச் சொல்லி ஏற்றினாள்.

வெளியே வந்து துறைமுகப் பக்கம் நடந்தோம். மதிலுக்கு மேலே கிரேன்கள், அடுக்கிய கொள்கலன்கள். தாத்தா கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று, அங்கே இன்னும் மரத்தோணி நிற்கிறதா என்று. இடுக்கு கிடைத்த இடத்திலெல்லாம் எட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி போனில் திரி ஏற்றியதை மட்டும் சொன்னேன். தோணியைப் பற்றி நாளைக்குச் சொல்ல வேண்டும்.