சேர்ப்பதற்கு முன் ஒரு விசாரணை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூல நிரலில் 'மெர்ஜ்' (இணைத்தல்) என்று க்ரெப் கட்டளையால் தேடினால் திரை நிற்காமல் ஓடும். நினைவகம், டிஸ்க், நெட்வொர்க், கோப்பு முறைமை என்று எந்த அடைவுக்குள் போனாலும் அது இருக்கிறது. டிரைவர் எழுதுவதிலிருந்து மெல்ல நினைவக மேலாண்மைப் பக்கம் ஒதுங்கிய எனக்கு, இந்த வரிகளைப் படிப்பதே பாதி உத்தியோகம். படித்துப் படித்து ஒன்று உறைத்தது. இரண்டை ஒன்றாக்கும் வேலை பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால், 'இவற்றைச் சேர்க்கலாமா' என்று விசாரிக்கிற பகுதிதான் நீளம். நான் பார்த்த வம்புகளும் அந்தப் பகுதியில்தான் கிடந்தன.

விசாரணை மிகக் குறைவான இடம், காலி நினைவகத்தைத் தொகுதிகளாகப் பங்கிட்டுத் தரும் பட்டி (ஜோடி) அலகேட்டர். 1965-இல் கென்னத் நோல்டன் எழுதிய முறை; இன்றும் கெர்னலின் அடித்தளத்தில் ஓடுகிறது. நான்கு பக்கங்கள் (பக்கம் என்பது நினைவகத்தைப் பங்கிடும் அடிப்படை அலகு) கொண்ட ஒரு தொகுதி 8-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது என்று வையுங்கள். அதை விடுவிக்கும்போது 8-ஐயும் 4-ஐயும் எக்ஸார் (வேறுபடும் பிட்டுகளை மட்டும் 1 ஆக்கும் கணக்கு) செய்தால் 12. அதுதான் இதன் ஜோடி. அந்த ஜோடியும் அதே அளவில் சும்மா இருந்தால் இரண்டும் சேர்ந்து எட்டுப் பக்கத் தொகுதி; உடனே அடுத்த ஜோடியைத் தேடும். வழக்கமான 4 கேபி பக்கங்களில் இந்த ஏற்றம் 4 எம்பி வரை போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், 4-இல் தொடங்கும் தொகுதி 8-ஐ ஒட்டியே இருக்கிறது, ஆனாலும் சேராது. அதன் ஜோடி 0. அண்டை வீடு என்பது இங்கே கணக்கில்லை.

விஎம்ஏ விஷயத்தில் கதை நேர்மாறு. ஒரு ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) முகவரி வெளி விஎம்ஏ எனப்படும் துண்டுகளாக இருக்கும்; ப்ராக் அடியில் உள்ள மேப்ஸ் கோப்பில் வரிக்கு ஒரு துண்டு. ஒரு ப்ராசஸுக்கு 65530 துண்டுகள்தான் என்று இயல்பான வரம்பு இருப்பதால், சேர்க்க முடிந்ததைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, பத்துப் பொருத்தமும் பார்க்கப்படும். அனுமதிகளும் மற்ற ஃப்ளாக்குகளும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்போடு பிணைந்தவை என்றால் ஒரே கோப்பு, அதிலும் ஒன்று முடியும் ஆஃப்செட்டிலேயே மற்றது தொடங்க வேண்டும். கோப்பில்லாத அனானிமஸ் நினைவகம் என்றால் அதற்குத் தனியாக ஒரு நிபந்தனை: அந்தப் பக்கங்கள் எந்தத் துண்டுகளில் இருக்கின்றன என்று கெர்னல் வைக்கும் கணக்கான அனான்_விஎம்ஏ இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். பல ஆண்டுகள் இந்த ஃபங்ஷனின் தலையில், பி, என் என்ற எழுத்துகளை வரிசையாக அடுக்கி எட்டு நிலைகளைப் படமாகப் போட்ட ஒரு கமெண்ட் இருந்தது. அதைக் காகிதத்தில் ஒருமுறையாவது வரைந்து பார்க்காதவரை எனக்கு அந்த நிரல் பிடிபடவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களை நான் செய்யச் சொல்வது சின்னச் சோதனை. எம்மேப்பில் மூன்று பக்கம் வாங்குங்கள், மேப்ஸைப் பாருங்கள்: ஒரு வரி. நடுப்பக்கத்தை எம்ப்ரொடெக்ட்டால் படிக்க மட்டும் என்று மாற்றுங்கள்: மூன்று வரி. திரும்ப எழுதும் அனுமதி கொடுங்கள்: மறுபடி ஒரே வரி. கடைசிப் படி சும்மா நடப்பதில்லை. ஒரு பக்கத்தை முதன்முதலில் தொடும்போதே கெர்னல் பக்கத்துத் துண்டை எட்டிப் பார்த்து, அதன் அனான்_விஎம்ஏவையே பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பார்க்கிறது. இப்போது அனுமதிகள் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் ஒன்றாகிவிட்டால் சேர்வதற்குத் தடை இருக்கக் கூடாது என்ற முன்யோசனை. கெர்னலில் எனக்கு மிகப் பிடித்த சில வரிகளில் இவையும் உண்டு.

சேர்த்தால் லாபம் உண்டு, அடையாளம் போய்விடும். இதை வேலையில் நேராகப் பார்த்தது ஸ்லாப் கேஷ்களில், அதாவது ஒரே அளவுள்ள சின்னப் பொருள்களுக்குக் கெர்னல் வைத்திருக்கும் கிடங்குகளில். ஒரு வாடிக்கையாளரின் பெட்டியில் நினைவகம் கசிந்துகொண்டே இருந்தது. அவற்றின் அளவைக் காட்டும் ஸ்லாப்டாப்பில் முதலிடத்தில் நின்றது கோப்பு முறைமையின் ஒரு கேஷ். கோப்பு முறைமைக் குழுவினர் 'எங்கள் கணக்கு சரியாக இருக்கிறது சார்' என்று சத்தியம் செய்தார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். இந்தக் கேஷ்களை நிர்வகிக்கும் ஸ்லப் அலகேட்டர், ஏறக்குறைய ஒரே அளவும் ஒத்த ஃப்ளாக்குகளும் உள்ள கேஷ்களை ஒன்றாக்கிவிடும். ஸ்லாப்இன்ஃபோவில் முதலில் வந்தவரின் பெயர் மட்டும் நிற்கும். சிஸ் அடியில் ஸ்லாப் அடைவைப் பார்த்தால் வண்டவாளம் தெரியும்: முக்காற்புள்ளியில் தொடங்கி அளவை எண்ணாகப் போட்ட ஒரு பெயர், அதை நோக்கிப் பல சிம்லிங்க்குகள். அவற்றில் ஒன்று ஒரு நெட்வொர்க் டிரைவருடையது. ஸ்லாப்_நோமெர்ஜ் என்று பூட் வரியில் சேர்த்துத் துவக்கியதும், கசிவு தன் சொந்தப் பெயரிலேயே மேலே வந்து நின்றது. கன்ஸ்ட்ரக்டர் (பொருளை முதலில் தயார்செய்யும் ஃபங்ஷன்) உள்ள கேஷ்களைக் கெர்னல் இப்படிச் சேர்க்காது. பாதுகாப்பைப் பெரிதாக நினைக்கிறவர்கள் இந்தச் சேர்க்கையையே அணைத்து வைக்கிறார்கள்; ஒரு கேஷில் நடக்கும் வழிதல் சம்பந்தமில்லாத இன்னொருவரின் பொருளைக் கெடுக்க இது வழிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான்.

நெட்வொர்க்கில் இதே பாடத்தைக் கெர்னலே பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் இருந்த எல்ஆர்ஓ, வரும் டிசிபி பாக்கெட்டுகளைத் தாராளமாக ஒட்டியது. ஒட்டியபின் பழையபடி பிரிக்கத் தேவையான ஹெடர் விவரம் கையில் இராது. பாக்கெட்டை அடுத்தவருக்கு அனுப்பும் ரவுட்டருக்கோ பிரிட்ஜுக்கோ அது ஆகாது. அதனால் ஃபார்வர்டிங் போட்டால் கெர்னல் எல்ஆர்ஓவை அணைத்துவிடும். 2009-இல் கெர்னல் 2.6.29-ஓடு வந்த அடுத்த முறையான ஜிஆர்ஓ கறாரானது. ஹெடர்கள் ஒத்துப்போனால்தான் சேர்க்கும். தேவைப்பட்டால் வந்தபடியே பிரித்து அனுப்பவும் முடியும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் 4344 பைட் நீளத்தைப் பார்த்துவிட்டு 'எம்டியூ 1500தானே, இது எப்படி வந்தது' என்று இன்றும் யாராவது என் மேசைக்கு வருகிறார்கள். எம்டியூ என்ற பாக்கெட் உச்ச அளவான 1500-இல் ஹெடர் போக 1448 பைட் தரவு; அது மூன்று முறை, அவ்வளவுதான்.

டிஸ்க் பக்கம் அடுத்தடுத்த செக்டர்களைக் கேட்கும் கோரிக்கைகள் முன்னாலோ பின்னாலோ ஒட்டப்படுகின்றன. சந்தேகம் வந்தால் நோமெர்ஜஸ் என்ற கோப்பில் 2 எழுதி நிறுத்தலாம். ஒரே உள்ளடக்கமுள்ள பக்கங்களை ஒன்றாக்கும் கேஎஸ்எம்மிலும் ரன் கோப்பில் 2 எழுதினால் சேர்த்ததெல்லாம் பிரியும். பெரும்பாலும் எல்லா இடத்திலும் இப்படி ஒரு அணைக்கும் விசை வைத்திருப்பது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு கிளைக்கதை. இணைப்புப் பட்டியலை மெர்ஜ் சார்ட் முறையில் வரிசைப்படுத்தும் லிஸ்ட்_சார்ட் நிரல் ஒரு காலத்தில் டிஆர்எம் என்ற கிராஃபிக்ஸ் பகுதியில் ஒரு நகல், யூபிஐஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு நகல் என்று இருந்தது. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கும் தேவைப்பட்டபோது, 2010-இல், யூபிஐஎஃப்எஸ் நகலைப் பொதுவாக்கி லிப் அடைவில் வைத்தார்கள். மெர்ஜ் செய்யும் நிரலையே மெர்ஜ் செய்தாயிற்று.

பேட்ச் (நிரலில் செய்யச் சொல்லும் திருத்தம்) பார்க்கும்போது, யாராவது ஒரு ஸ்ட்ரக்சரில் புதிய ஃபீல்டு சேர்த்திருந்தால் நான் முதலில் தேடுவது, பொருத்தம் பார்க்கும் ஃபங்ஷனில் அதற்கு ஒரு வரி வந்திருக்கிறதா என்பதைத்தான். அனானிமஸ் நினைவகத்துக்குப் பெயர் வைக்கும் வசதி கெர்னல் 5.17-இல் வந்தபோது அந்த ஒப்பீட்டில் பெயரும் சேர்ந்தது. பெயர் வேறு என்றால் பக்கத்தில் இருந்தாலும் சேராது. அந்த வசதியைத் தேர்ந்தெடுக்கும் கான்ஃபிக் குறிப்பிலேயே, பெயர் வைத்தால் அக்கம்பக்கத்தோடு சேர்வது தடைபடலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.