வத்சல்யா உதவித்தொகை கேட்கிறீர்களா? முதலில் வருமானச் சான்றைப் பாருங்கள்

அப்பாவை இழந்த பிள்ளைக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் நிதி ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வருமானச் சான்று கைக்கு வந்ததும் அதில் போட்டிருக்கும் தொகையைப் படித்துப் பாருங்கள். கிராமத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், மற்ற இடங்களுக்கு 96,000. எங்களை மாதக்கணக்கில் அலையவிட்டது அந்த ஒரு வரிதான்.

இல்லம் தேடிக் கல்வி 2021-ல் வந்தபோது எங்கள் ஊரில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மையம் நின்ற பிறகும் சாயங்காலமானால் பிள்ளைகள் எங்கள் திண்ணைக்கு வருவது நிற்கவில்லை. அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திடீரென்று வரவில்லை. அப்பா இறந்துவிட்டார், அம்மா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் கூலி வேலை. விசாரித்தால், மில்லுக்கு ஆள் பிடிக்கிற தரகர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். "படிச்சு என்ன டீச்சர் செய்யப்போகுது, பசிக்குதுல்ல" என்றார் அந்த அக்கா. அறிவுரை சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை அது. வத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் வரும் என்றதும்தான் உட்கார்ந்து பேசவே சம்மதித்தார்.

விண்ணப்பம் கொடுக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைத் தேடிப் போனோம். எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடித்துக் கேட்கலாம். வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் இருபது ரூபாய் என்றார்கள். வாங்காதீர்கள், உள்ளே சும்மாவே தருகிறார்கள். ஆனால் உள்ளே இருந்தவர் பேப்பரைத் திறந்துகூடப் பார்க்காமல், "அப்பா இல்லாத பிள்ளைதானே, அன்புக் கரங்கள்ல போடுங்க, அதுதான் இப்ப வருது" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதை நம்பி, அதற்கு விண்ணப்பம் வாங்குகிற முகாமில் ஒரு முழு நாள் வரிசையில் நின்றோம். அக்காவுக்கு அன்றைக்குக் கூலி போச்சு. அன்புக் கரங்கள் 2025 செப்டம்பரில் வந்த மாநிலத் திட்டம், மாதம் 2,000. அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகள், அல்லது ஒருவர் இறந்து இன்னொருவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகள், இவர்களுக்கானது. கடுமையான நோய், மாற்றுத்திறன், சிறை என்று அதற்குக் காரணம் காட்ட வேண்டும். உழைக்கிற அம்மா இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தாது. விதவைத் தாயின் பிள்ளைக்கு வத்சல்யாதான் வழி. இதைக் கவுன்ட்டரில் தயங்காமல் சொல்லுங்கள். நான் அடுத்த தடவை சொன்னேன், வாங்கிக்கொண்டார்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று எல்லாம் இருந்தன. படிப்புச் சான்றைத் தலைமையாசிரியர் அரை மணியில் எழுதிக் கொடுத்துவிட்டார். வருமானச் சான்று மட்டும் இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் போட்டது. அக்காவிடம் வி.ஏ.ஓ. கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஒரு நாளைக்கு என்ன கூலி?" முன்னூறு என்றார். மனிதர் செல்போனை எடுத்தார். முன்னூறை முப்பதால் பெருக்கினார், பன்னிரண்டால் பெருக்கினார். 1,08,000. ஆர்.ஐ., தாசில்தார் எல்லாரும் அதையே ஒப்புக்கொண்டு சான்று வந்துவிட்டது. நாங்களும் சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கவுன்ட்டரில் ஒவ்வொரு தாளாகப் புரட்டி டிக் போட்டு வாங்கினார்களே, அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பல வாரம் கழித்து, "வருமானம் கூடுதல்" என்று ஃபைல் திரும்பி வந்தது.

தாலுகா ஆபீசில் கேட்டால், கொடுத்த சான்றைத் திருத்த முடியாது, புதிதாகப் போடு என்றார்கள். மறுபடி 60 ரூபாய், மறுபடி அதே வி.ஏ.ஓ. "குறைச்சு எழுதச் சொல்றீங்களா? நாளைக்கு எனக்குத்தான் மெமோ வரும்" என்றார். கேட்டது நியாயம்தான். அதனால் கெஞ்சவில்லை, கணக்குச் சொன்னோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மூட்டம் போட முடியாது. விறகு ஏலம் எடுத்தவர் கூப்பிட்டால்தான் வேலை. நூறு நாள் வேலை அட்டையில் எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று அவரே பார்க்கட்டும் என்று அட்டையை நீட்டினோம். வருடத்தில் இருநூறு நாள் வேலை கிடைத்தால் பெரிது. இந்தத் தடவை அவர் இருநூறால் பெருக்கினார். 60,000. பொய் ஒன்றும் இல்லை, உள்ளது உள்ளபடி. கூலிக்குப் போகிறவர்களிடம் தினக்கூலியை மட்டும் சொல்ல விடாதீர்கள். எத்தனை நாள் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டு விசாரணைக்கு வந்த சமூகப் பணியாளரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் தனியாகப் பேசினார், நோட்டைப் புரட்டிப் பார்த்தார், மில் தரகர் விஷயத்தையும் அவரே கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒப்புதல் குழு கூடும்வரை காத்திருப்புத்தான். இடையில் ஃபைல் எங்கே என்று கேட்டால், "கொடுத்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்பார்கள். ஒரு ஜெராக்ஸில் தேதியோடு சீல் வாங்கி வைத்திருந்தது அங்கேதான் உதவியது.

ஒப்புதல் வந்த பிறகும் பாங்கில் ஒரு முட்டுக்கட்டை. பிள்ளைக்குச் சின்ன வகுப்பில் திறந்த கணக்கு வரவுசெலவு இல்லாமல் முடங்கிக் கிடந்தது. ஆதாரைக் கணக்கில் பதிந்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் வருவதற்குத் தனியாக இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். "லிங்க் ஆயிடுச்சு" என்று அங்கே சொல்வதை அப்படியே நம்பி வராதீர்கள்.

பணம் வந்துவிட்டது. முதல் மாதத்துப் பணம் மளிகைக்கடைப் பாக்கிக்கே போனது, அது போகட்டும். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போனால்தான் உதவி தொடரும் என்பதை அக்கா இப்போது என்னைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் என்றால்கூட லீவு லெட்டர் எழுத என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தரகர் மறுபடியும் வந்தாராம். "எம்மவ படிக்கிறதுக்கே மாசம் நாலாயிரம் தர்றாங்க, நீ என்ன தருவே?" என்று கேட்டு அனுப்பினாராம்.