21 நாள் கணக்கு

டிசம்பர் 24, 2024

மகளுக்கு இன்று பென்சத்தின் பெனிசிலின் ஊசி, 12 லட்சம் யூனிட், இடது இடுப்பில் போடப்பட்டது. ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதுபட்ட பிள்ளைகளுக்குத் தொண்டையில் மறுபடியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றி வால்வை மேலும் கெடுத்துவிடாதபடி, 21 நாளுக்கு ஒரு முறை, பல ஆண்டுகளுக்கு இதைப் போட்டு வர வேண்டும். மருத்துவமனை அட்டையில் ஊசி போட்டதற்கு ஒரு டிக் மட்டுமே விழுகிறது. அது போதாது. ஆகவே நோட்டில் போட வேண்டிய தேதி, போட்ட தேதி, இடைப்பட்ட நாட்கள், தாமதத்தின் காரணம் என்று கட்டம் போட்டுவிட்டேன்.

ஜனவரி 14, 2025

இன்று தவணை நாள். பொங்கல் என்பதால் புறநோயாளிப் பிரிவு இல்லை. தெருமுனைக் கிளினிக்கில் பெனிசிலின் என்றதுமே ஒவ்வாமைக்குப் பயந்து மறுத்துவிட்டார்கள். கடும் ஒவ்வாமை அரிது என்றாலும் உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஜனவரி 20

ஊசி போட்டாயிற்று. இடைவெளி 27 நாள், தாமதம் 6 நாள், காரணம் விடுமுறை. சிஸ்டர் தண்ணீர் கலந்த மருந்துக் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் சூடேற்றி, பால் போன்ற அந்தக் கெட்டியான மருந்து ஊசியில் அடைத்துக்கொள்ளாதபடி பெரிய ஊசியாக மாற்றி, மிக மெதுவாக ஏற்றினார். மகள் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள்.

தசையில் தங்கிய மருந்து சிறிது சிறிதாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. தவணை நெருங்கும்போது அதன் அளவு ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் என்பதால் தாமதமாகும் நாட்களே கவலைக்குரியவை. 28 நாள் தவணையைப் பின்பற்றும் ஆஸ்திரேலியாவில், 29ஆம் நாள் முதல் அடுத்த ஊசி வரையிலான ஒவ்வொரு நாளையும் ஆபத்து நாளாகத் தனியே எண்ணுகிறார்கள். நமக்கு ஆண்டுக்கு 17 ஊசி வர வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வாரம் தள்ளிப்போனால் 13தான் வரும், ஆனால் அட்டையில் 13 டிக்கும் வரிசையாக, குறையே இல்லாததுபோல் நிற்கும்.

அடுத்த தவணையைப் பழைய தேதியிலிருந்து எண்ணாமல், இன்றிலிருந்தே எண்ணி பிப்ரவரி 10 என்று எழுதினேன்.

பிப்ரவரி 10

நேரத்துக்குப் போயும் மருந்து இருப்பில் இல்லை. பதிவேட்டில் மகளின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதப் போனவரிடம், வந்திருக்கிறோம், மருந்துதான் வரவில்லை என்று சொல்லித் திருத்தச் சொன்னேன். நோயாளியின் அசட்டையும் கிடங்கின் பற்றாக்குறையும் ஒரே கட்டத்தில் விழுந்தால், ஆண்டு முடிவில் பழி முழுவதும் பிள்ளையின் தலையில்தான் விழும்.

பிப்ரவரி 12

நேற்று தைப்பூச விடுமுறை. இன்று மருந்து கிடைத்தது. இடைவெளி 23 நாள். நோட்டைப் புரட்டிய டாக்டர், தவணை நாள் விடுமுறையில் விழுமானால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அழைத்து வரலாம் என்றார். தாமத நாட்களில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் ஏதும் இருந்ததா என்றும் கேட்டார். அதற்கும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். அடுத்த தவணை மார்ச் 5, புதன்கிழமை. நாட்காட்டியைப் பார்த்தாயிற்று, அன்று விடுமுறை இல்லை.