மரத்தைத் தூக்கிய கதை

நம்மூரில் ஒரு பந்தக்கால் நடவே ஆறு பேர் வேண்டும், அதில் நாலு பேர் சத்தம் போட. நான் என்னடாவென்றால், போன சனிக்கிழமை டொரன்டோவில் ஸ்கார்பரோ ப்ளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில் என் கேட்டலினா 22 படகின் பாய்மரத்தை ஒற்றை ஆளாக நிறுத்திவிடுகிறேன் என்று வீட்டில் சவடால் விட்டுக் கிளம்பினேன். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

படகே இருபத்தொன்றரை அடிதான், மரம் 25 அடி. டிரெய்லரை நிறுத்தியதும் முதல் வேலையாக அண்ணாந்து பார்த்து, மேலே மின்கம்பி இல்லை என்று உறுதி செய்துகொண்டேன் (மரம் அலுமினியம், பட்டிருந்தால் இந்தப் பதிவை எழுத ஆள் இருக்காது). மரத்தின் அடி ஒரு போல்ட்டில் கீல் மாதிரி மாட்டியிருக்கும், தலை படகின் பின்னால் நீட்டிக்கொண்டு கிடக்கும். படுத்திருக்கும் மரத்தில் கயிறு கட்டி முன்னாலிருந்து இழுத்தால் அது எழாது, அடியைத்தான் நெருக்கும். அதற்காக ஆறடிக் கட்டை ஒன்றை அடியில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நுனியிலிருந்து கப்பி போட்டு இழுக்க வேண்டும். பெரிய பாய்க்கு இருக்கும் நாலு மடிப்புக் கப்பியே போதும், கனம் கால்வாசியாகத் தெரியும்.

ஜம்மென்று எழுந்தது. பாதியில் நின்றது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தேன், எங்கேயோ கிறீச்சென்றது. பார்த்தால், மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பி ஒன்றின் டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு) கிளீட்டுக்கு (கயிறு கட்டும் கொம்புக்கு) அடியில் போய் வசதியாக மாட்டிக்கொண்டிருக்கிறது. நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பழக்கம்தான் என்றேன். அந்த வாயை என்ன செய்யலாம்?

இறக்கி, எடுத்துவிட்டு, மறுபடி ஏற்றினேன். மரம் நின்றது. கயிற்றை கிளீட்டில் இறுக்கிவிட்டு முன்கம்பியை மாட்டப் போனால், அதை மாட்டும் ஆணி காரில், காபி டம்ளர் வைக்கிற குழிக்குள் இருக்கிறது. அப்புறம் என்ன, இரண்டடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடி எடுத்து வந்து மாட்டி, வியர்வையோடு ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

"மேல ஏதோ தொங்குதே, அது என்ன?" என்று பதில் வந்தது.

பாயை ஏற்றுகிற கயிறு. கீழ்முனையைக் கட்டிவைக்க மறந்திருக்கிறேன், மறுமுனையின் கனத்தில் அது உச்சிக்கே போய் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பெரியவர் திரும்பி வந்தபோது மரம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. நாய்தான் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தது.