புது ஹார்ட் டிஸ்க், லினக்ஸ், பெரியப்பாவின் கேசட்டுகள்

மார்ச் 4, 2024, திங்கள்

பெரியப்பா முகவீணை (நாகசுரம் போன்ற சிறு ஊதுகருவி) வாசித்த கூத்துப் பதிவுகளை எல்லாம் கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 60 நிமிட கேசட் ஒன்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒலி கெடாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவுக்கு மாற்றினால் அளவு குறையும், ஆனால் விடிய விடிய நடந்த கூத்து என்றால் ஒன்றுக்கே பல கேசட். லேப்டாப் தாங்காது. அதற்காகத்தான் இன்று 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தேன்.

செருகியதும், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக் கட்டளை 1.8 டி என்று காட்டியது. இது குறையில்லை. பெட்டியில் போடும் 2 டிபி ஆயிரத்தின் மடங்கில் போட்ட கணக்கு, எல்எஸ்பிளாக் எண்ணுவது 1024-இன் மடங்கில். பைட்டில் கேட்டால் 2,000,398,934,016 என்றது. சரியான அளவுதான்.

எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் வந்ததை லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக மாற்றினேன். பாதியில் கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் ஃபைல் சிஸ்டம் குலையாமல் இருக்க ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) வேண்டும், அது எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. எக்ஸ்ட்4 வழக்கமாக ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று 5 சதவீத இடத்தை ஒதுக்கிவிடும். 2 டிபியில் அது 100 ஜிபி. வெறும் சேமிப்புக்கான டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்பதால் பூஜ்யமாக்கினேன்.

ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடி முடித்தது. ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் உடனே படித்துப் பார்த்தால் ரேமில் மிச்சமிருக்கும் நகலே பதிலாக வரலாம். அதனால் அன்மவுண்ட் செய்து (கணினியிலிருந்து முறையாக விடுவித்து) கழற்றி வைத்துவிட்டேன். சோதனை நாளைக்கு.

மார்ச் 5, செவ்வாய்

ஃபிளாக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒவ்வொரு ஃபைலின் தலைப்பிலும் அந்த ஒலியின் எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) இருக்கும். அசல் பக்கத்தில் இல்லாமலே, ஃபைல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று அதை வைத்தே சோதிக்கலாம். மொத்தமாக அந்தச் சோதனையை ஓடவிட்டேன்.

முதலில் எல்லாம் சரி, சரி என்று வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு ஃபைலில் அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்கில் காதை வைத்தால் உள்ளே ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் இன்புட்/அவுட்புட் எரர். கணினியின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் பார்த்தால் யுஏஎஸ் (யுஎஸ்பி டிஸ்க்கோடு பேசும் நெறிமுறை) கட்டளையைக் கைவிட்டதாக ஒரு வரி, யுஎஸ்பி கருவியை ரீசெட் செய்ததாக ஒரு வரி, இப்படி மாறி மாறி. கடைசியில் டிஸ்க் துண்டிக்கப்பட்டு எஸ்டிபி என்ற பெயரை விட்டு எஸ்டிசி என்று திரும்பி வந்திருந்தது.

இந்த நிலையில் டிஸ்க்கின் மேல் பழி போட முடியாது. கேபிள், போர்ட், மின்சாரம், யுஏஎஸ் டிரைவர், டிஸ்க் என்று ஐந்து இடத்தில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கேபிளை மாற்றினேன், அதே இடம். லேப்டாப்பின் இன்னொரு யுஎஸ்பி 3 போர்ட், அதே இடம். 900 மில்லிஆம்ப் தரவேண்டிய போர்ட் குறைவாகத் தருகிறதோ என்று, தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாகவும் செருகினேன். அங்கும் அதே ஃபைலில் நின்றது. கேபிளோ மின்சாரமோ காரணம் என்றால் கோளாறு இடம் மாறி மாறி வந்திருக்கும். எப்போதும் ஒரே ஃபைலில் நிற்கிறது என்பதுதான் உறுத்துகிறது.

மார்ச் 6, புதன்

யுஏஎஸ் மிச்சம். வேகத்துக்காக வந்த நெறிமுறைதான், ஆனால் டிஸ்க்கையும் யுஎஸ்பியையும் இணைக்கும் சில பிரிட்ஜ் சிப்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் இரண்டு அடையாள எண்களையும் எடுத்து, யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலின் குவிர்க்ஸ் (விதிவிலக்கு) அமைப்பில் ‘யு’ என்ற எழுத்தோடு சேர்த்துக் கொடுத்தால், அந்தக் கருவிக்கு மட்டும் யுஏஎஸ் நின்று பழைய டிரைவர் வேலை செய்யும். டிரைவர் அமைப்புகளுக்கான மோட்ப்ரோப் கோப்பில் எழுதி, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து ரீபூட் செய்தேன். இது உண்மையிலேயே அமலுக்கு வந்ததா என்று எல்எஸ்யுஎஸ்பியை மர வடிவில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். பலர் இதைப் பார்க்காமலே ‘யுஏஎஸ்ஸை நிறுத்தியும் பயனில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

மறுபடி அதே சோதனை, அதே ஃபைல். ஆனால் இந்த முறை செய்தி வேறு: மீடியம் எரர், படிக்க முடியாத பிழை, செக்டர் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டு) எண்ணோடு. நேற்றைய ரீசெட்டுகளுக்கும் இப்போது அர்த்தம் புரிகிறது. லினக்ஸின் மையமான கெர்னல் ஒரு கட்டளைக்கு 30 நொடி காத்திருக்கும். கெட்ட செக்டரை எப்படியாவது படித்துவிட டிஸ்க் அதையும் தாண்டிப் போராடினால், கெர்னல் பொறுமையிழந்து கருவியை ரீசெட் செய்யும். யுஏஎஸ் மேல் தவறில்லை. கெட்ட செக்டரின் வலியைத்தான் அது தன் குரலில் சொல்லிக்கொண்டிருந்தது.

இரவு, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் கேட்டேன். பிரிட்ஜ் சிப் தெரியவில்லை என்று முதலில் மறுத்தது. சாட் (யுஎஸ்பி வழியே டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பும் முறை) வகை என்று சேர்த்துச் சொன்னதும் எல்லாம் வந்தது. மேலே பெரிதாக ‘பாஸ்டு’. இதை நம்பவே கூடாது. தயாரிப்பாளர் வைத்த எல்லையை எந்த எண்ணும் இன்னும் தாண்டவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். பார்க்க வேண்டியது கீழே உள்ள அட்டவணை. 5-ஆம் வரி, மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள்: 0. 197-ஆம் வரி, முடிவு தெரியாமல் நிலுவையில் இருப்பவை: 16. ஒரு நிஜ செக்டர் 4096 பைட், அதை எட்டு 512 பைட் துண்டுகளாக டிஸ்க் வெளியே காட்டுகிறது. ஆக இரண்டு செக்டர் கெட்டிருக்க வேண்டும். 9-ஆம் வரியில் ஓடிய மணிநேரம் ரொம்பக் குறைவு. அந்த வகையில் இது புது டிஸ்க்தான், பழையதைத் துடைத்து விற்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

நீள சுயசோதனை ஓடியது. வெளி டிஸ்க்குகள் சும்மா இருந்தால் தூங்கிவிடும், சோதனையும் பாதியில் அறுந்துவிடும். அதனால் நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்மார்ட் விவரம் கேட்டு விழித்திருக்க வைத்தேன். முடிவு: படிப்பதில் தோல்வி. முதல் பிழையின் முகவரியும் கிடைத்தது. மொத்த அறிக்கையையும் டிமெசேஜ் வரிகளையும் ஒரு ஃபைலில் சேமித்து, அச்சும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, கெட்ட இடங்களைத் தேடும் பேட்பிளாக்ஸ், எழுதிப் படிக்கும் முறையில். இது டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும். என் அசல்கள் லேப்டாப்பில் இருக்கின்றன, கேசட்டுகளும் இருக்கின்றன. எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும் டிஸ்க்குக்கு இந்தக் கட்டளையை அந்தப் பெயரில் கொடுப்பது ஆபத்து. வரிசை எண் உள்ள பை-ஐடி முகவரியைத்தான் கொடுத்தேன். நான்கு வகை எண்வரிசையை முழு டிஸ்க்கிலும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கும். நிலுவையில் உள்ள செக்டரின் மேல் எழுதினால்தான் டிஸ்க் ஒரு முடிவுக்கு வரும்: எழுத்து நின்றால் நிலுவை நீங்கும், நிற்காவிட்டால் மாற்று இடம்.

மார்ச் 11, திங்கள்

நாள் கணக்கில் ஓடி முடிந்தது. பழைய 16 நீங்கிவிட்டது, 5-ஆம் வரி பூஜ்யத்திலிருந்து ஏறியது, 197-இல் வேறு இடத்துப் புது நிலுவைகள். ஒரே இடத்தில் தழும்பு இருந்து அதோடு நின்றிருந்தால் யோசித்திருப்பேன். வாங்கிய வாரத்திலேயே பரவுகிறது. இந்த டிஸ்க்கில் பெரியப்பாவின் ஒரு நிமிட வாசிப்பைக்கூட வைக்க மாட்டேன். கடைசிச் சுற்று முழுக்கப் பூஜ்யம் எழுதியது என்பதால், திருப்பிக் கொடுக்கும்போது என் ஃபைல் எதுவும் அதில் போகாது.

மார்ச் 12, செவ்வாய்

கடைக்குப் போனேன்.

“லினக்ஸ்ல போட்டா இப்படித்தான் சார் ஆகும். விண்டோஸ்ல ஃபார்மேட் பண்ணிப் பாருங்க, சரியாயிடும்.”

“ஃபார்மேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. இந்த எண்களை டிஸ்க்கே எழுதி வெச்சிருக்கு. உங்க கம்ப்யூட்டர்லயே பாருங்களேன்.”

அவர்களுடைய விண்டோஸில், ஸ்மார்ட் எண்களைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறக்கச் சொன்னேன். மஞ்சள் எச்சரிக்கையோடு அதே வரிகள், அதே எண்கள். அதற்கு மேல் அந்தத் தம்பி வாதாடவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு வேறு டிஸ்க் கொடுத்தார். லினக்ஸ் வைத்திருப்பதாலேயே ஒருவர் சொல்லும் பழுதை நம்பாமல் அனுப்புவது கோபமாகத்தான் இருக்கிறது. கையில் அச்சிட்ட அறிக்கை இல்லாமல் போயிருந்தால் ஃபார்மேட் செய்து கொடுத்தே அனுப்பியிருப்பார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

புது டிஸ்க்கில் ஃபார்மேட் செய்யும் முன்பே நீள சோதனையும் பேட்பிளாக்ஸும் முடித்துவிட்டேன். 5, 197, 198 (சரிசெய்ய முடியாத செக்டர்கள்) மூன்றும் பூஜ்யம். குவிர்க்ஸ் வரியையும் எடுத்துவிட்டேன், யுஏஎஸ்ஸிலேயே ஒரு ரீசெட்கூட இல்லாமல் ஓடுகிறது.

நேற்று நகலெடுத்து, கழற்றி, இன்று செருகி, ஃபிளாக் சோதனை ஓடி முடிந்தது. எல்லா ஃபைலும் சரி. மாதம் ஒரு முறை இதையே ஓட்டி, ஸ்மார்ட் அறிக்கையைத் தேதியோடு சேமிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். அடுத்த பெட்டி கேசட்டுகளில் சிலவற்றின் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும்.