சிறுகுறிஞ்சான் கேப்சூல் வாங்கும் முன்

சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை நன்றாக மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போடுங்கள். மணல்போல நறநறக்கும், இனிக்காது. அரை மணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட இப்படியே இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளை அடைத்துக்கொள்வதுதான் காரணம். இதைக் காட்டியே, சுகருக்கு நல்லது என்று பலர் பொடி விற்கிறார்கள். இலை அசலா என்று பார்க்க நல்ல சோதனைதான். ரத்தத்தில் சுகர் இறங்குமா என்பதற்கு இது சாட்சி ஆகாது.

சுகர் இறங்கும் என்பதற்குக் காட்டப்படும் ஆதாரம் சென்னையில் செய்து 1990இல் வெளியான ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேர், வழக்கமான மாத்திரையோடு ஜிஎஸ்4 என்ற இலைச்சாற்றைத் தினம் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் எடுத்தார்கள். சுகர் குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது. ஆனால் ஆட்கள் குறைவு, மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிடவும் இல்லை. நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவே.

அந்த 400 மி.கி. செறிவூட்டிய சாறு; இலைப்பொடி அல்ல. கடைக் கேப்சூலில் ‘10:1’ என்று மட்டும் இருந்தால், பத்துப் பங்கு இலையிலிருந்து ஒரு பங்கு சாறு எடுத்தார்கள் என்று பொருள். அமிலம் எவ்வளவு என்பது அதில் தெரியாது. ‘25% ஜிம்னெமிக் அமிலம்’ என்றிருந்தால் எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். சாற்றில் வேறோர் அமிலத்தை விட்டு, அடியில் படிவதை எடைபோடும் முறையில் வேறு பொருள்களும் சேர்ந்துவிடும். எண் பெருத்துக் காட்டும். அதே சாறு, பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் குறைவாகக் காட்டும். வீட்டுக் கஷாயத்தில் இந்தக் கணக்கே கிடையாது. இலைக்கு இலை, கொதிக்கு கொதி வீரியம் மாறும்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்க்கக் கூடாது. சுகர் 70க்குக் கீழே போகலாம். முதல் வகை நீரிழிவுக்காரர்கள் எக்காரணம் கொண்டும் இன்சுலினை நிறுத்தக் கூடாது.

இலை மென்ற கொஞ்ச நேரத்தில் சுகர் இறங்கி வியர்வை, நடுக்கம் வந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இனிக்கவே இனிக்காது. கெட்டுப்போன பாக்கெட் என்று கொட்டிவிடாதீர்கள். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் சுகர் ஏறும். 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு.